குளிரால் உப்பவில்லை ஐயா, அந்த சிப்ஸ் பாக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வாயு விதிகள் பற்றிக் கேள்வி பதில் வந்திருந்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உதவுமே என்று கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டப் போனேன். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்தது நல்லதாகப் போயிற்று. 'ஊட்டி, கொடைக்கானல் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வது ஏன்?' என்று ஒரு கேள்வி. 'மலையில் குளிர் அதிகம், அதனால் உள்ளே இருக்கும் வாயு விரிவடைகிறது, இதுவே சார்லஸ் விதி' என்று பதில். குளிர்ந்தால் வாயு சுருங்கும், அதைச் சொல்வதுதானே சார்லஸ் விதியே! விதியின் பெயரைச் சொல்லிவிட்டு அது சொல்வதற்கு நேர் எதிரானதை அச்சடித்திருக்கிறீர்கள்.

நான் ஊட்டியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வர்க்கி, பிஸ்கட், டீத்தூள், சிப்ஸ் எல்லாம் உண்டு. படித்தது பி.எஸ்சி. வேதியியல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையின் பின்பக்கம் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், வியாபாரத்துக்கு நடுவே கணக்கு சொல்லிக்கொடுப்பேன். ஆகவே உப்பின பாக்கெட்டும் எனக்குப் பழக்கம், வாயு விதியும் பழக்கம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வேனில் சரக்கு வருகிறது. அங்கே ஏற்றும்போது தொளதொளவென்று இருக்கிற பாக்கெட், பர்லியார் தாண்டி வளைவுகள் ஏறி குன்னூர் வரும்போதே விறைக்க ஆரம்பித்துவிடும், இங்கே இறக்கும்போது தலையணை மாதிரி இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது பழைய சரக்கா, இப்படி ஊதிக் கெடக்கு?" என்று கேட்காத நாள் கிடையாது. அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வீட்டில் பால் பாக்கெட் உப்பினால் கெட்டுப்போச்சு என்றுதானே அர்த்தம். ஆனால் பாலில் நடப்பது வேறு. அங்கே கிருமிகள் புதிதாக வாயுவை உண்டாக்குகின்றன, மோல் எண்ணிக்கையே, அதாவது உள்ளே இருக்கும் வாயுவின் அளவே கூடிவிடுகிறது. சிப்ஸ் பாக்கெட்டில் கம்பெனிக்காரன் அடைத்த நைட்ரஜன் அடைத்தபடிதான் இருக்கிறது. வெளியிலிருந்து அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்று இளைத்துப்போனதுதான் விஷயம்.

எவ்வளவு இளைத்தது என்று பார்க்கலாம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், அங்கே ஏறத்தாழ 730 இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர், இங்கே ஏறத்தாழ 585. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான அழுத்தத்தை நாங்கள் கீழேயே விட்டுவிட்டு வந்து குடியிருக்கிறோம். கீழே 33 டிகிரி வெயிலில் பாக்கெட்டுக்குள் ஒரு லிட்டர் வாயு இருந்தது என்று வையுங்கள். அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் அழுத்தம் குறையக் குறையப் பருமன், அதாவது வாயு பிடிக்கிற இடம், கூடும் என்கிற பாயில் விதிப்படி 730-ஐ 585-ஆல் வகுத்து, 1.25 லிட்டர் ஆகியிருக்கும். வெப்பநிலை மட்டும் 33-இலிருந்து 15-க்கு இறங்கியிருந்தால் சார்லஸ் விதிப்படி 0.94 லிட்டராகச் சுருங்கியிருக்கும். நிஜத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிறது, இரண்டையும் பெருக்கினால் 1.17 லிட்டர். அதாவது குளிர் தன் பங்குக்குச் சுருக்கத்தான் பார்க்கிறது, குறைந்த அழுத்தம் அதைத் தோற்கடித்துவிடுகிறது. உங்கள் பதிலில் தோற்றவனுக்கு மாலை போட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கில் 0.94 எப்படி வந்தது என்பதில்தான் பாதிப் பிள்ளைகள் விழுகிறார்கள். 15-ஐ 33-ஆல் வகுத்தால் 0.45 வரும். அப்படியே விடை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். போன மார்கழியில் ஒரு பையன் அப்படித்தான் எழுதிக் காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை, "தம்பி, தை மாசம் உறைபனி விழுமே, காலையில பூஜ்ஜியம் டிகிரி, அன்னைக்கு இந்தக் கணக்குப்படி பாக்கெட் எவ்வளவு இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். போட்டுப் பார்த்தான். பூஜ்ஜியம் லிட்டர். "அப்ப உறைபனி அன்னைக்குக் கடையில இருக்கிற பாக்கெட்டெல்லாம் காணாமப் போயிடுமாக்கா?" என்றான். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள், மைனஸ் லிட்டர் பாக்கெட்டை எந்த அலமாரியில் அடுக்குவது என்று எனக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு அந்த ஏழு பேரில் ஒருவரும் 273 கூட்ட மறந்ததில்லை.

செல்சியஸின் பூஜ்ஜியம் தண்ணீர் உறைகிற இடத்தில் மனிதன் அடித்து வைத்த முளை, அவ்வளவுதான். வாயுவுக்கும் அதற்கும் உறவு கிடையாது. எந்த வாயுவை எடுத்துக்கொண்டாலும், பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் பருமனில் 273-இல் ஒரு பங்கு வீதம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் மைனஸ் 273.15-இல் போய்ப் பருமன் பூஜ்ஜியத்தைத் தொடும். நிஜத்தில் அதற்கு முன்னாலேயே வாயுக்கள் திரவமாகிவிடும், அது வேறு. எண்ண ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான், அங்கிருந்து எண்ணுவதுதான் கெல்வின். அதன்படி 15 டிகிரி என்பது 288, 33 டிகிரி என்பது 306, வகுத்தால் அந்த 0.94. இதைச் சொல்லாமல் '273 கூட்டிக்கொள்ளவும்' என்று மட்டும் போட்டால் பிள்ளை அதை ஜிஎஸ்டி மாதிரி நினைத்துக்கொள்கிறது. எதற்கென்று தெரியாது, கூட்ட வேண்டும்.

பாயில் விதிக்கும் மலைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது, அதைப் பாடம் நடத்துகிற யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1648-இல் பிரான்சில் பாஸ்கல் சொல்லி அனுப்பி, அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய்-து-தோம் என்ற மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் இறங்கி நின்றது. மேலே போகப் போகக் காற்று இளைக்கிறது என்பதற்குக் கண்முன் அத்தாட்சி. 1661-இல் இங்கிலாந்தில் ஹென்றி பவர், ரிச்சர்ட் டவுன்லி என்ற இரண்டு பேர் குழாய்க்குள் கொஞ்சம் காற்றை அடைத்து பெண்டில் குன்றின் மேல் கொண்டுபோனார்கள். மேலே அந்தக் காற்று கூடுதல் இடம் பிடித்தது. கிட்டத்தட்ட எங்கள் வேன்காரர் தினமும் செய்கிற வேலைதான்! பெண்டில் குன்று 557 மீட்டர், எங்கள் தொட்டபெட்டா 2,637. அந்தத் தகவல் பாயிலுக்குப் போயிற்று. அவர் பாதரசம் ஊற்றிய வளைந்த குழாயில் தன் பங்குக்கு அளந்து 1662-இல் வெளியிட்டார், டவுன்லியின் யூகம் என்று குறிப்பிடவும் மறக்கவில்லை. ஆனால் விதிக்குப் பெயர் பாயில் என்றே நின்றுவிட்டது. பிரான்சுக்காரர்கள் மாரியோட் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். சார்லஸ் கதையோ இதற்குத் தலைகீழ். 1783-இல் ஹைட்ரஜன் பலூனில் பறந்த அந்த மனிதர் வாயுக்கள் விரிவதை அளந்தாரே தவிர அச்சில் போடவில்லை. 1802-இல் கே-லுசாக் தன் ஆராய்ச்சியை வெளியிட்டபோது, சார்லஸ் முன்பே செய்தது என்று எழுதப்போய்த்தான் அவர் பெயர் பிழைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே மாறிலிக்காகத்தான். உங்கள் பக்கத்தில் 'பாயில் விதியின் மாறிலி கே', 'சார்லஸ் விதியின் மாறிலி கே', 'அவகாட்ரோ விதியின் மாறிலி கே' என்று மூன்று வரி போட்டு, கடைசியில் 'பொது வாயு மாறிலி ஆர் = 8.314' என்று முடித்திருந்தார்கள். படிக்கிற பிள்ளைக்கு நான்கும் ஒரே ஜாதி என்றுதானே தோன்றும்? மாறிலி என்றால் மாறாதது. ஆனால் அந்த மூன்று கேயும் மாறும். ஒரு பாக்கெட்டுக்குப் பாயில் கே என்ன என்று மேலே சொன்ன கணக்கிலிருந்தே எடுக்கலாம். கடல் மட்டத்து 760-ஐ ஒரு வளிமண்டல அழுத்தம் என்று வைத்தால், மேட்டுப்பாளையத்தில் 0.96 வளிமண்டல அழுத்தம், ஒரு லிட்டர், பெருக்கினால் 0.96. இரண்டு பாக்கெட் வாயுவை ஒன்றாக்கினால் 1.92. அதே ஒரு பாக்கெட்டை இங்கே குளிரில் வைத்து, உப்பி நிற்கும்போது 0.77-ஐ 1.17-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.90. எங்கே போயிற்று மாறாத தன்மை? வெப்பநிலை மாறிவிட்டது, அதோடு கேயும் மாறிவிட்டது. பாயில் விதி சொல்வது இவ்வளவுதான்: வாயுவின் அளவையும் வெப்பநிலையையும் நீ தொடாமல் இருக்கிற வரைக்கும் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் ஒரே எண் வரும். தொட்டால் வேறு எண்.

ஆகவே பாயில் விதியின் கேக்குள்ளே மோலும் ஆரும் வெப்பநிலையும் ஒளிந்திருக்கின்றன. சார்லஸ் விதியின் கேக்குள்ளே மோலும் ஆரும் மேலே, அழுத்தம் கீழே. மோல் கூடினால் பருமனும் கூடும் என்கிற அவகாட்ரோவின் கேக்குள்ளே ஆரும் வெப்பநிலையும் மேலே, அழுத்தம் கீழே. மூன்றிலும் பொதுவாக உட்கார்ந்திருக்கிறது ஆர் ஒன்றுதான். 1834-இல் கிளாபெய்ரான் தனித்தனி விதிகளை ஒரே சமன்பாட்டில் கோத்தார். இன்றைக்கு நாம் எழுதுகிற வடிவத்தில், அழுத்தம் பெருக்கல் பருமன் சமம் மோல் பெருக்கல் ஆர் பெருக்கல் வெப்பநிலை. இந்த ஒரு வரி தெரிந்தால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். எதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று கேள்வியில் தேடு, கட்டிப்போட்டதை விரலால் மறை, மிச்சம் இருப்பதுதான் விதி. வெப்பநிலையை மறைத்தால் பாயில், அழுத்தத்தை மறைத்தால் சார்லஸ். இந்த இரண்டில் எதையும் கட்டிப்போடவில்லையா, முழு வரியையும் எடுத்துக்கொள். சிப்ஸ் பாக்கெட் அந்த மூன்றாவது ரகம். உங்கள் பக்கத்தில் பதில் எழுதியவர் அழுத்தத்தை மறைத்துவிட்டார், அது கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்காமலே.

அப்புறம் அந்த 8.314. ஆர் எத்தனை இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டால் மூன்று என்பார்கள், சிலர் நான்கு என்பார்கள். 8.314, 0.0821, 1.987, அப்புறம் 62.36. நான்கு பேர் நான்கு ஊரில் கண்டுபிடித்தது போல ஒப்பிப்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் பாதை 46 கிலோமீட்டர், மைலில் சொன்னால் சுமார் இருபத்தெட்டரை. இரண்டு பாதை இல்லை, பாதை ஒன்றுதான். ஆரும் அப்படித்தான். ஜூலில் அளந்தால் 8.314, லிட்டரும் வளிமண்டல அழுத்தமுமாக அளந்தால் 0.0821, கலோரியில் 1.987, லிட்டரும் பாதரச மில்லிமீட்டருமாக அளந்தால் 62.36. ஒரு லிட்டரை ஒரு வளிமண்டல அழுத்தத்தால் பெருக்கினால் 101.325 ஜூல். 0.08206-ஐ அந்த 101.325-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 8.314 வந்து நிற்கும். அழுத்தத்தைப் பருமனால் பெருக்கினால் ஆற்றல் வருகிறது என்பது பல பேருக்கு அந்த நிமிஷம்தான் உறைக்கும்.

அலகு பார்க்காமல் ஆரைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கடையிலேயே சாட்சி உண்டு. பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் ஹைட்ரஜன் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை 8.314-ஐப் போட்டு, அழுத்தத்துக்கு 1 போட்டு, 2,270 லிட்டர் என்று அடிக்கோடிட்டு விடை எழுதினாள். ஒரு மோல் ஹைட்ரஜன் இரண்டு கிராம். கடை வாசலில் தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிற ட்ரம் 200 லிட்டர். "ரெண்டு கிராம் ஹைட்ரஜன் பதினோரு ட்ரம்மை ரொப்புமா பாப்பா?" என்றதும் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள், அழுத்தத்தை 1,01,325 பாஸ்கல் என்று மாற்றினாள், விடை கன மீட்டரில் வந்தது, 0.0224. ஆயிரத்தால் பெருக்கி 22.4 லிட்டர். தப்பை நான் சொல்லவில்லை, ட்ரம் சொல்லிற்று.

22.4 பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்தில் 'எந்த வாயுவும் ஒரு மோல் 22.4 லிட்டர்' என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள், நிபந்தனை எதுவும் எழுதாமல். அது பூஜ்ஜியம் டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற ஒரே ஒரு இடத்துக்கான எண். வேதியியலாளர்களின் உலக அமைப்பான ஐயூபேக் 1982-இலேயே திட்ட அழுத்தத்தை, வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே குறைவான ஒரு பார் என்று மாற்றிக்கொண்டது, அதன்படி 22.7 லிட்டர். தமிழ்நாட்டில் எந்த ஊரில் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் அழுத்தம் பொருந்தும், பூஜ்ஜியம் டிகிரிக்கு எங்கே போவது? ஊட்டியில் தை மாதத்தில் பூஜ்ஜியம் டிகிரி கிடைத்தாலும் கிடைக்கும், அழுத்தம் பொருந்தாது. எங்கள் ஊரில் 15 டிகிரியில் ஒரு மோல் வாயு 30.7 லிட்டர் பிடிக்கும். 0.08206-ஐ 288-ஆல் பெருக்கி 0.77-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் இது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். 22.4 மாறிலி இல்லை. மாறிலி ஆர் மட்டும்தான்.

அந்த ஆரும் இப்போது இன்னும் உறுதியாகிவிட்டது. முன்பெல்லாம் அது ஆய்வகத்தில் அளந்து சொல்ல வேண்டிய எண், கடைசி இலக்கங்களில் சின்னச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். 2019 மே 20 முதல் அலகுகளின் வரையறையை மாற்றியபோது அவகாட்ரோ எண்ணை 6.02214076 × 10²³ என்றும் போல்ட்ஸ்மன் மாறிலியை 1.380649 × 10⁻²³ என்றும் இனி மாறாதபடி நிர்ணயித்துவிட்டார்கள். இரண்டையும் பெருக்கினால் ஆர். போல்ட்ஸ்மன் மாறிலி ஒரு மூலக்கூறுக்கு, ஆர் ஒரு மோலுக்கு. ஒற்றை முட்டை விலையும் ட்ரே விலையும் மாதிரி, ட்ரேயில் முப்பதுக்குப் பதில் 6.022 × 10²³ முட்டை.

கடைக்கு டீ குடிக்க வருகிற டாக்சிக்காரர்களுக்குள் வருஷம் பூராவும் ஒரு வழக்கு ஓடும்: கீழே டயருக்கு 32 பிஎஸ்ஐ காற்று பிடித்துக்கொண்டு மேலே வந்தால் கூடுமா குறையுமா. வெளிக்காற்று குறைவதால் கூடும் என்று ஒரு கட்சி, குளிரால் குறையும் என்று ஒரு கட்சி. ஒரு நாள் பிள்ளைகளிடமே கொடுத்தேன். ஒருவன் 32-ஐ 288-ஆல் பெருக்கி 306-ஆல் வகுத்து 30 என்றான். கெல்வின் போட்டிருக்கிறான், சந்தோஷம், ஆனால் காற்று பிடிக்கிற கடையில் காட்டுகிற 32, வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்கிற எண். டயர் முழுக்க இறங்கிப்போனாலும் உள்ளே காற்று இல்லாமலா போய்விடும்? மீட்டர் பூஜ்ஜியம் காட்டும்போதும் உள்ளே வெளியளவுக் காற்று இருக்கிறது. அதாவது அழுத்தத்துக்கும் செல்சியஸ் மாதிரி ஒரு பொய்ப் பூஜ்ஜியம் உண்டு! மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்று சுமார் 14.1 பிஎஸ்ஐ, சேர்த்தால் உள்ளே 46.1. அதை 288/306-ஆல் பெருக்கினால் 43.4. ஊட்டியில் வெளிக்காற்று 11.3, கழித்தால் 32.1. டயர் ஆறிய பிறகு பார்த்தால், ஏறி வந்த பிறகும் கிட்டத்தட்ட அதே 32. இரண்டு கட்சியும் சரி, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. டாக்சிக்காரர்களிடம் சொன்னபோது யாருக்கும் திருப்தி இல்லை, ஆளாளுக்குத் தான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தார்கள்.

விதி பொருந்தாத இடத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சமையல் காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டான் ஒருவன். சிலிண்டரில் 14.2 கிலோ, கொள்ளளவு 33.3 லிட்டர். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால் 245 மோல். அது பூராவும் வாயுவாகவே அடைபட்டிருந்தால் அழுத்தம் 174 வளிமண்டலம் வரும். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் சுமார் 150-ஐத் தாங்குவதற்கே எவ்வளவு தடிமனான இரும்பு! அந்தப் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர், அதில் 150 மடங்கு அழுத்தி அடைத்ததால்தான் ஏழாயிரம் லிட்டர் ஆக்சிஜன் கிடைக்கிறது, அங்கே பாயில் கொஞ்சம் முன்பின்னாக வேலை செய்கிறார். நம் வீட்டு சிவப்பு சிலிண்டரில் இருப்பதோ திரவம், மேலே கொஞ்சம் ஆவி. திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கிற வரைக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், எத்தனை கிலோ பாக்கி என்பது கிடையாது. அதனால்தான் குளிர்காலக் காலையில் இங்கே பாதி சிலிண்டர் இருக்கும்போதே அடுப்பு சோம்பி எரியும். குக்கர் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், குக்கர் வெயிட் வெளிக்காற்றின் மேல் தன் பங்கைக் கூட்டுவதால் உள்ளே கீழ்நாட்டு 120 டிகிரி வராது, 116 பக்கம் நின்றுவிடும், துவரம்பருப்புக்கு இரண்டு விசில் கூட வேண்டியிருக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மாமியாரிடம் இதற்காக நான் வாங்கிய பேச்சு தனிக் கடிதம்.

கணக்கு போட்டுக் காட்டினால் மட்டும் போதாது என்று, போன மாதம் ஒரு பாக்கெட்டை நாங்களே அளந்தோம். மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டுக்கு நான் போகும்போது கடையிலிருந்து ஒரு பாக்கெட்டைக் கீழே கொண்டுபோனேன். பக்கெட் விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றி, அதைப் பெரிய தாம்பாளத்தில் வைத்து, பாக்கெட்டை இரண்டு விரலால் மெதுவாக முக்கினேன். வழிந்த தண்ணீரை மில்லி குறித்த குவளையில் ஊற்றி அளந்தால் 820 மில்லி. அதே பாக்கெட், அதே பக்கெட், ஊட்டியில் 930. சிப்ஸும் உறையும் சேர்த்து 60 மில்லி என்று கழித்தால் வாயு 760-இலிருந்து 870 ஆகியிருக்கிறது, கணக்குப்படி 890 வந்திருக்க வேண்டும். இருபது மில்லி எங்கே என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்தார்கள், தண்ணீர் சிந்தியது நீதான், நான்தான் என்று. அதுவும் இருக்கலாம். ஆனால் உப்பின பாக்கெட்டின் உறை இழுபட்டு நிற்கும்போது அதுவும் வாயுவை உள்ளே அமுக்குகிறது, அப்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் அதிகம், ஆகவே பருமன் கணக்கை விடக் குறைவு. இதை நான் சொல்லவில்லை, போன மார்கழியில் 0.45 எழுதினவன் சொன்னான்.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். இங்கே மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது இரண்டு பக்கமும் ஒட்டிப்போயிருக்கும். உள்ளே இருக்கிற ஊட்டிக் காற்றுக்கு அங்கே நாலேகால் லிட்டர் இடம்தான் தேவை. இதைப் படிக்கிற கீழ்நாட்டு ஆசிரியர்கள் ஊட்டிக்கு வந்து திரும்பும்போது ஒரு காலி கேனை மூடி எடுத்துப் போனால் வகுப்பில் பாதிப் பாடம் முடிந்தது.

கேட்பது இரண்டுதான். அந்த சிப்ஸ் பாக்கெட் பதிலுக்கு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். மூலையில் சின்னதாகப் போட்டால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள், தப்பு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் நிற்கும். அடுத்த முறை ஆர் மதிப்பைப் போடும்போது எண்ணோடு அலகையும், 22.4 போடும்போது பூஜ்ஜியம் டிகிரி ஒரு வளிமண்டலம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் பருமன், கனஅளவு என்று ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி எழுதுவதையும் நிறுத்தலாம், இரண்டும் வேறு வேறு என்று நினைத்து ஒரு பிள்ளை என்னிடம் வந்து கேட்டது.

கத்தரித்த துண்டு இன்னும் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது. திருத்தம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஊட்டியிலிருந்து ஒரு வாசகி